பூஜ்ஜியத்துக்கும் கீழே ஒரு மீசை

உலகத்தின் எந்த மூலையில் எந்த வங்கி குப்புற விழுந்தாலும், தூசி தட்டித் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரே மனிதர் என் தாய்மாமா. சலூன் வைத்திருப்பதெல்லாம் சும்மா, பொழுது போகாமல். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் நிதி மந்திரிகள் இந்தத் திசையைக் கும்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறார்களாம். சொன்னது யார்? அவரேதான்.

இந்த இனத்துக்கு நெருக்கடி நிபுணர் என்று பெயர். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். செய்தியில் ‘சரிவு’ என்ற சொல் விழுந்ததும் காது விடைக்கும், தொண்டை செருமும், “நான் அப்பவே சொன்னேன்” என்று ஆரம்பிக்கும். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்டுவிடாதீர்கள். முதலிலிருந்து சொல்வார்.

மாமாவிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: குறை!

அன்றைக்கு நாற்காலியில் எதிர்வீட்டு அண்ணன். எங்கேயோ வங்கி விழுந்த சத்தத்தில் இங்கே அவன் வேலை பார்த்த ஆலைக் கதவு சாத்திக்கொண்டது. மத்தியானம் வேறோர் இடத்தில் இன்டர்வியூ. மீசை இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பான். அது அவனுக்கே தெரியும்.

“மாமா, மீசையைக் கொஞ்சமே கொஞ்சம் குறைங்க.”

பெஞ்சில் பேப்பரும் கையுமாக இருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “மாமா! இன்னொரு பேங்க் கவுந்துடுச்சாம்!”

“பின்ன? வட்டியைக் குறைடான்னா எவன் கேக்குறான்!” இடது மீசையில் ஒரு வெட்டு. வலது பெரிதாகத் தெரிந்தது. அதிலும் ஒரு வெட்டு. இப்போது இடது பெரிது.

“பங்குச் சந்தையும் விழுந்துடுச்சாம்!”

“அப்ப இன்னும் குறைக்கணும்!”

“மாமா, போதும்...”

“நீ சும்மா இருப்பா. பாதியில விட்டா சந்தைக்கு நம்பிக்கை போயிடும்.”

கொள்கை என்றால் இப்படித்தான். ஒரு பக்கத்துத் தப்பைச் சரிசெய்ய மறுபக்கம் ஒரு தப்பு, அதைச் சரிசெய்ய இந்தப் பக்கம் இன்னொன்று, அதுவும் எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்க்காமல் எங்கேயோ இருக்கும் உலகத்தைப் பார்த்துக்கொண்டு. கடைசியில் மூக்குக்குக் கீழே கொசு உட்கார்ந்த மாதிரி ஏதோ மிச்சம் இருந்தது. அதுவும் பறந்துவிட்டது.

“பூஜ்ஜியத்துக்கு வந்தாச்சு,” என்றார் மாமா பெருமையாக. “வேணும்னா பூஜ்ஜியத்துக்குக் கீழயும் போகலாம். சில நாட்டுல வட்டியை அப்படி இறக்கியிருக்கான்.”

அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணாடியில் ஒரு சின்னப் பையன், கண் கலங்க. என் சிரிப்பு பாதியில் நின்றது. மாமாவும் அப்போதுதான் பார்த்தார். பிடரி முடியைத் துடைத்து, தலையை மறுபடி சீவி, காலரை இழுத்துவிட்டார்.

“தைரியமா போயிட்டு வாடா. மீசை எங்கன்னு கேட்டா, நிலவரம் சீராகட்டும், வளத்துக்கறேன்னு சொல்லு.”

சாயங்காலம் ஓடிவந்தான். “அதையே சொன்னேன் மாமா! விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க!”

“நான் அப்பவே சொன்னேன்,” என்றார் மாமா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால் வட்டியைக் குறைப்பதற்குப் பதில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று நடுவில் ஒரு யோசனை எட்டிப் பார்த்ததா இல்லையா? பார்த்திருந்தால், கையில் கத்தரிக்கோல் ஏதும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் நைசாக நழுவப் போனேன். மாமா என் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏண்டா, இது வெறும் விளையாட்டுப் பக்கமாச்சே. பேங்க் எங்கடா கவுந்துச்சு?”

அவர் நாற்காலியைத் தட்டினார்.

“உக்காரு. உன் மேலுதட்டுல புதுசா ஏதோ வளர்ச்சி தெரியுது. வேகம் ஜாஸ்தி. உடனே கட்டுப்படுத்தணும்.”