சின்னதுரைக்குப் பார்த்த பெண்

மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்ற நாலு வேகன் வேண்டும் என்பதுதான், திண்டிவனம் ஸ்டேஷன் சிக்னலர் இருதயராஜ் வலது கையால் விழுப்புரத்துக்கு அடித்த கடைசித் தந்தி. அடித்து முடித்ததும், வழக்கம்போல, துண்டை உதறுகிற மாதிரி, குமிழை டக்டக்கென்று சும்மா இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு ஆள்காட்டி விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டார். நகச்சுற்று. இரண்டு நாளில் போய்விடும் என்று மனைவி சவுரியம்மாள் சொல்லியிருந்தாள்.

போனது விரல். ஆஸ்பத்திரியில் உள்ளங்கை வரை கிழித்துச் சீழெடுத்து, இரண்டு கணுவையும் எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கைக்கட்டோடு வேலைக்கு வந்தபோது, ஸ்டேஷன் மாஸ்டர் சீனுவாசன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார்.

"பத்து நாள் பாக்கறேன்யா. விழுப்புரத்துல இருந்து உன் தந்தியப் பத்திக் கடுதாசி கேட்டிருக்கேன். கொறைன்னு எழுதிட்டாங்கன்னா ரயில்வே கேட்டுக்குத்தான் போவணும். கொடி புடிக்க நாலு வெரலு போதும்."

இருதயராஜ் பயந்ததே அந்தக் கேட்டுக்குத்தான். ஒரு மாதமாக வீட்டில் இடது கையால் கரண்டியைப் பித்தளைத் தட்டில் தட்டித் தட்டிப் பழகியிருந்தார். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் இரண்டு முறை வந்து, சாப்பாடு இன்னும் ஆகவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

முதல் தந்தியை இடது கையால் அடித்தார். தந்தி அடிப்பவர்களுக்கு எதிர்முனைக்காரரின் கை, வீட்டு மனிதர்களின் காலடி மாதிரி, கேட்டதும் தெரிந்துவிடும். விழுப்புரத்துக் கோதண்டபாணி ஒன்பது வருடமாக இவர் தட்டுவதைக் கேட்பவர். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

உடனே விழுப்புரம் கேட்டது: புது ஆளா?

கடிதம் எழுதப்போவதும் இவர்தான்; இடது கை என்று சொன்னால் குறை என்று எழுதிவிடுவார். ஆமாம், பேர் சின்னதுரை, பதில் ஆள் என்று அடித்துவிட்டார் இருதயராஜ்.

மறுநாள் விழுப்புரம், பழைய ஆள் எப்படி இருக்கிறார் என்றது. தேறிவருகிறார் என்றார். மெதுவாக வரட்டும், அவர் அடித்தால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும், உன் கை எவ்வளவோ மேல் என்றது விழுப்புரம்.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஒம்போது வருசமா ஆலங்கட்டியாம். ஒரு நாளாவது சொன்னானா பாரு."

"சின்னதொரய மெச்சிக்கினாரு இல்ல, அதுக்கு சந்தோசப்படுங்க" என்றாள் சவுரியம்மாள்.

நாலாம் நாள், நேரில் பழைய ஆளைப் பார்க்க வருவதாகக் கோதண்டபாணி சொன்னார். பழைய ஆள் கண்டாச்சிபுரத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறார் என்று அடித்துத் தப்பித்தார் இருதயராஜ். ஏழாம் நாள், சின்னதுரைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேள்வி வந்தது. அவசரத்தில், பதில் ஆளுக்கு எங்கே கல்யாணம் என்று நினைத்து, இல்லை என்று தட்டிவிட்டார்.

அன்றைக்கே பெண்ணும் வந்துவிட்டது. தங்கள் வீட்டிலேயே இருக்கிறதாம். பேர் கிருஷ்ணவேணி. சிவப்பு, பெரிய கண், பரம சாது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க வேண்டும். கூடவே ஒரு வரி: உன்னைப் பற்றிய கடிதத்தையும் எழுதி வைத்துவிட்டேன்.

இருதயராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். இல்லாத சின்னதுரையின் பேரில் கடிதம் வந்தால் கேட்டு வேலைகூடக் கிடைக்காது. தபாலில் போடுவதற்குள் நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தார்.

சவுரியம்மாள் சலவை வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். "பொண்ணு பாக்கப் போறீங்க. கைக்கட்டத் தொங்கப் போட்டுக்கினு போவாதீங்க, துண்டால மூடிக்கோங்க. பஜ்ஜி குடுத்தாங்கன்னா எனக்கும் ரெண்டு கட்டிக்கினு வாங்க."

விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்பைத் தேடிப் போனார். கோதண்டபாணி வீட்டு வாசலில் போர்ட்டர் சவுரிராயன் தொட்டியில் பருத்திக்கொட்டை கரைத்துக்கொண்டிருந்தான். வந்தவரின் துண்டுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு எழுந்தான்.

"வாங்க சார். அய்யா டூட்டியில இருக்காரு. நீங்க வந்தா இதக் குடுக்கச் சொன்னாரு."

கடிதம். இருதயராஜ் இடது கையால் பிரித்தார். திண்டிவனம் சிக்னலர் இருதயராஜ் ஆபரேஷனுக்குப் பின் இடது கையால் தந்தி அனுப்புகிறார், ஏழு நாளில் ஒரு பிழை இல்லை, முன்னைவிடத் தெளிவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. சின்னதுரை எங்கேயும் இல்லை.

இரண்டு முறை படித்தார். பிறகு, கேட்காமல் போனால் மரியாதை இல்லையே என்று தயங்கி, "வூட்டுல கிருஷ்ணவேணின்னு ஒரு பொண்ணு..." என்று இழுத்தார்.

சவுரிராயன் நகர்ந்து நின்றான். முளையில் கட்டியிருந்த செவலைக் கன்று பெரிய கண்களால் மாப்பிள்ளையைச் சாதுவாகப் பார்த்தது.

இருதயராஜ் அங்கேயே திண்ணைக்கல்லில் உட்கார்ந்து சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அவருக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"மொத தந்தியிலியே சார். 'கை மாறிப்போச்சுடா, ஆனா முடிச்சிட்டு சும்மா ரெண்டு தட்டு தட்டுறான் பாரு, அது எங்க ஆலங்கட்டிதான்'னு அன்னிக்கே சொல்லிட்டாரு."