சாமிதுரைக்கு மட்டும் ஏன் பட்டப்பெயர் இல்லை

குன்னம்,
ஆடி 22.

உடையார்பாளையத்தில் பேரும் நிலமும் உள்ளவரும், என் வருங்காலச் சம்பந்தியுமான மதிப்பிற்குரிய அமிர்தலிங்கம் அவர்களுக்கு, குன்னம் கிளைச் செயலாளர் சாமிதுரை கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி கண்ணகியும், மகள் பூங்குழலியும், இரண்டு கறவை மாடுகளும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா சாந்தா அவர்களும், மாப்பிள்ளை அறிவுச்செல்வனும் நலமாக இருக்கக் குடும்பத்தின் சார்பிலும் கட்சியின் சார்பிலும் வேண்டுகிறேன். இங்கே இன்னும் மழை இல்லை. மக்காச்சோளம் போடலாம் என்று உழுது வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. சம்பந்தி வீட்டோடு குரல் ஏறக் கூடாது என்று கண்ணகி போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். ஆகையால் இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் தரகர் நல்லதம்பி வந்தார். வந்தவர் முதலில் காப்பியைக் குடித்தார். குடித்த பிறகு, "அண்ணே, சம்பந்தி வூட்ல ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. தலைவர் வந்து தாலி எடுத்துக் குடுப்பாரு, நான் அவருக்கு அவ்ளோ நெருக்கம்னு நீங்க சொன்னீங்கல்ல? தனக்கு வேண்டியவங்களுக்கெல்லாம் தலைவரே ஒரு பேரு வச்சிருப்பாராமே, இவருக்கு என்ன பேரு வச்சிருக்காருன்னு கேட்டாங்க. ஒரு பேரும் இல்லீங்கன்னுட்டேன். அப்ப பத்திரிகை அடிக்கிறத கொஞ்சம் நிறுத்தி வைங்கன்னாங்க" என்றார். சம்பந்தி, நான் கட்சியில் இருபத்தாறு வருடம். ஒரு கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. என்னைப் பார்த்து இவன் நிஜமாகவே தலைவருக்கு வேண்டியவன்தானா என்று கேட்டுவிட்டீர்கள். எனக்கு வந்த கோபத்தில் காப்பி தம்ளரைக் கழுவாமலே கவிழ்த்து வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். எங்கள் தலைவர் வேம்பு அண்ணனுக்கு ஆட்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் உண்டு. எங்களுடையது மாநிலக் கட்சி. இப்போதைக்குப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தில் இருக்கிறது. மற்ற மாவட்டங்களுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. இந்த இரண்டு மாவட்டத்திலும் அண்ணன் வாயிலிருந்து ஒரு பெயர் விழுந்துவிட்டால், பெற்றவர்கள் வைத்த பெயர் அன்றோடு சரி. ஒன்றியச் செயலாளர் சுரேஷ்குமாரைத் தெரியுமல்லவா, அவருக்கு 'டாரஸ்' என்று பெயர். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகும் அந்தப் பெரிய லாரி மாதிரி, கிளம்ப நேரமாகும், கிளம்பிவிட்டால் பேச்சு நிற்காது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெயப்பிரகாஷுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அரியலூர்ப் பக்கம் மண்ணுக்குள் என்னென்னவோ கிடைக்கிறதே, அதை மனதில் வைத்து ஒரு நாள் மேடையிலேயே, "நம்ம டைனோசர் முட்டை இப்பப் பேசுவாரு" என்றார் அண்ணன். ஜெயப்பிரகாஷ் ஒரு வாரம் சாப்பிடவில்லை. எட்டாவது நாள் தன் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் 'டைனோசர் முட்டை' ஜெயப்பிரகாஷ் என்று தங்க எழுத்தில் அச்சடித்தார். மகளிர் அணி ஜெயசுதாவுக்குத் 'தாசில்தார்' என்று பெயர் வைத்த நாளிலிருந்து அந்த அம்மா ஒரு மனு கொடுத்தால் நிஜ தாசில்தாரின் டிரைவர்கூட எழுந்து நிற்கிறார். அண்ணனின் அன்புக்கு எங்கள் பக்கம் இதுதான் முத்திரை. முத்திரை விழாத ஆள் இரண்டு மாவட்டத்திலும் ஒரே ஒருவன்தான். அது நான்.

நானும் சும்மா இருக்கவில்லை சம்பந்தி. முதலில் மீசை வளர்த்தேன். மூன்று மாதம், விளக்கெண்ணெய் தடவி, இரண்டு பக்கமும் மேலே முறுக்கி. கண்ணகி சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'மீசை' என்று ஒரு பெயர் விழுந்தால் போதும் என்று அண்ணன் முன்னால் போய் நின்றேன். அண்ணன் என்னை உற்றுப் பார்த்து, "என்ன சாமிதுரை, காய்ச்சலா? முகம் வாடிக் கெடக்கு" என்றார். மறுநாளே மழித்துவிட்டேன். அடுத்து, சின்ன வெங்காயம் விலை விழுந்தபோது குன்னத்தில் மறியல் நடந்ததல்லவா, அதில் எட்டுக் கிலோ வெங்காயத்தை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு லாரிக்கு முன்னால் படுத்தேன். உச்சி வெயில். தார் ரோடு முதுகைச் சுடுகிறது, வெங்காயம் நசுங்கிக் கண்ணைக் கரிக்கிறது. அழுதுகொண்டே கோஷம் போட்டேன். நாலு போலீஸ்காரர்கள் தூக்கிப் பார்த்து முடியாமல் விட்டார்கள். ஐந்தாவதாக வந்தவர் ஒருவரே என்னை வெங்காயத்தோடு சேர்த்து அலாக்காகத் தூக்கினார். அண்ணன் கை தட்டி, "யோவ், கிரேனுய்யா நீ!" என்றார். இன்றைக்கும் அந்தப் போலீஸ்காரருக்கு ஸ்டேஷனில் கிரேன் என்றுதான் பெயர். என்னைப் பார்த்து அண்ணன் சொன்னது, "சாமிதுரை, மொதல்ல கண்ணக் கழுவுய்யா."

அதற்கும் அசரவில்லை. ஜெயங்கொண்டம் பொதுக்கூட்டத்தில் வரவேற்புரையை நானே கேட்டு வாங்கி, பேச்சாற்றலுக்காகவாவது ஏதாவது தேறும் என்று நாற்பது நிமிடம் அடுக்குமொழியில் பேசினேன். பத்தாவது நிமிடத்திலேயே மைக் செத்துவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் டீக்கடைக்குப் போன பிறகும் மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு ஆட்டுக்கிடா மட்டும் அசை போட்டபடி கடைசி வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் எழுந்து, அந்தக் கிடாவுக்கு 'மேலிடப் பார்வையாளர்' என்று பெயர் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நீங்களே சொல்லுங்கள் சம்பந்தி. ஆட்டுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் தரகர் வந்து நீங்கள் கேட்டதைச் சொன்னார். பூங்குழலி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து சிரித்த முகமாகவே இருந்த பிள்ளை, மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறாள். ஒரு பட்டப்பெயர் இல்லாததால் என் பெண்ணின் கல்யாணம் நின்றுபோவதா என்று நேற்றுக் காலை முதல் பஸ்ஸிலேயே பெரம்பலூர் போனேன். கட்சியை விட்டு விலகுகிறேன் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அண்ணன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். உதவியாளர் பிரேமைக் கூப்பிட்டு, "சார்ஜர், சாமிதுரைக்கு ஒரு எலை போடுறா" என்றார். பிரேமுக்கு அங்கே சார்ஜர் என்று பெயர். எனக்கு இட்லி இறங்கவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். "அண்ணே, எம் பொண்ணு கல்யாணம் அந்தரத்துல நிக்குது. எல்லாருக்கும் ஒரு பேரு குடுத்தீங்க. ஆட்டுக்குக் குடுத்தீங்க. எனக்கு என்னண்ணே கொறச்சல்? நல்ல பேரா வேணாம். கெட்ட பேராவே வைங்க."

அண்ணன் கையைக் கழுவினார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "சாமிதுரை, எனக்குப் பேரு நிக்காதுய்யா" என்றார். எனக்குப் புரியவில்லை. "பள்ளிக்கூடத்துலேர்ந்தே அப்படித்தான். மூஞ்சி மறக்காது, பேரு நிக்காது. மொத தேர்தல்ல ஒரு கல்யாண வூட்ல போயி, பொண்ணு பேருக்குப் பதிலா வேற யாரு பேரையோ சொல்லி வாழ்த்திட்டேன். மாப்பிள்ளைக்கு மொத பேசி முறிஞ்ச பொண்ணு பேரு அது. அந்த ஊர்ல ஒரு ஓட்டு வுழல. அதுலேர்ந்து கண்ணு எதப் பாக்குதோ அதச் சொல்லிக் கூப்ட ஆரம்பிச்சேன். சனங்க அத அன்புன்னு எடுத்துக்கிட்டாங்க. கூடப் பொறந்த தம்பியவே நான் பொடியன்னுதான் கூப்டுறேன், அவனுக்கு அறுபத்திரெண்டு வயசு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தன வருசத்துல எனக்கு நின்ன பேரு ஒண்ணே ஒண்ணுதான்யா. கூட்டத்துல எங்க நின்னாலும் ஒன்னயப் பாத்தா, வாய்ல சாமிதுரைன்னு தன்னால வருது. ஒனக்கும் ஒரு பட்டப்பேரு வச்சிட்டா, எனக்குத் தெரிஞ்ச அந்த ஒரு பேரும் போயிடும்." சம்பந்தி, என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே வெங்காயம் ஏதும் இல்லை. பையில் இருந்த விலகல் கடிதத்தை அங்கேயே கிழித்து இட்லி இலையில் போட்டு மடித்தேன்.

ஆகவே நான் பெருமையோடு தெரிவிப்பது என்னவென்றால், டாரஸும் தாசில்தாரும் டைனோசர் முட்டையும் அண்ணனுக்குப் பெயர் நிற்காதவர்கள். லட்சம் பேரில் அவருக்குப் பெயர் நின்றவன் இந்தச் சாமிதுரை ஒருவன். நாக்கிலேயே குடியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நெருக்கத்துக்கு என்ன சாட்சி வேண்டும்? இது ரகசியம். சம்பந்தியம்மாவைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம். படித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடவும். பத்திரிகையைத் தைரியமாக அடிக்கலாம். அண்ணன் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மேடையில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை கொட்டாவி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிச்சயதார்த்தத்தன்று சமையல்காரரை நீங்கள் விரட்டிய மாதிரி அண்ணன் கண்ணெதிரே விரட்ட வேண்டாம். அவர் பார்த்து ஒன்று சொல்லிவிட்டால் உங்கள் பேரன் காலத்துக்கும் அதுதான் பெயர்.

தங்கள் வீட்டில் விளக்கும் வயலில் பயிரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. கண்ணகி முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். தரகர் அடுத்த முறை வரும்போது அதில் மிச்சம் இருந்தால் வந்து சேரும்.

இப்படிக்கு,
தலைவர் வேம்பு அண்ணனுக்குப் பெயர் தெரிந்த ஒரே தொண்டன்,
சாமிதுரை

பின்குறிப்பு: கடிதத்தைக் கண்ணகி வாங்கிப் படித்தாள். "எல்லாத்தையும் எழுதுனீங்க, முக்கியமானத எழுதலியே. கல்யாணத்தப் பதிய பொண்ணோட சர்டிபிகேட்டக் கேப்பாங்க. அதுல தகப்பன் பேரு தமிழரசன்னு இருக்கு. யாருடா அந்தத் தமிழரசன்னு சம்பந்தி வூட்ல கேட்டா எம் மானம் என்னாவறது? மொதல்ல அத எழுதுங்க" என்கிறாள். எழுதுகிறேன். அந்தத் தமிழரசன் நான்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன் வாலிகண்டபுரத்தில் அண்ணனின் கூட்டம். மைக் செட் கொண்டுவர வேண்டிய சாமிதுரை என்பவர் வரவில்லை. முதன்முதலாகக் கூட்டம் பார்க்க வந்து நின்ற என் தோளில் அண்ணன் கை போட்டு, "என்ன சாமிதுரை, இவ்ளோ நேரமா?" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் கை போட்டிருக்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஓடிப் போய் எங்கிருந்தோ ஒரு மைக் செட்டைக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து நான் சாமிதுரை. அந்த அசல் சாமிதுரை அதற்குப் பிறகும் வரவே இல்லை. பத்திரிகையில் சாமிதுரை என்றே போடுங்கள். பதிவு செய்யும் இடத்தில் மட்டும் தமிழரசன் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் யாராவது அண்ணனை வெளியே கூட்டிக்கொண்டுபோய் ஒரு இளநீர் வெட்டிக் கொடுங்கள். பாவம், அவருக்குத் தெரிந்ததே ஒரு பெயர்தான்.