பதினெட்டாம் பெருக்கும் பக்கிரியின் மாத்திரையும்

ஆடிப் பதினெட்டன்று பக்கிரி ஒரு முடிவோடு எழுந்தார். தலையே போனாலும் இன்று காப்பரிசி தின்றே தீருவது.

சர்க்கரை வந்த நாளிலிருந்து வெல்லம் அவர் கண்ணில் படாத சாமான். ஆனால் ஊறிய பச்சரிசியில் வெல்லமும் எள்ளும் தேங்காயும் போட்டு மனைவி மங்களாம்பிகை பிசறும்போது வரும் வாசனைக்கு யார் பூட்டுப் போடுவது? கல்யாணமான வருஷம், திருக்காட்டுப்பள்ளிப் படித்துறையில், புதுத் தாலிச்சரடு கட்டிய கையோடு ஒரு பிடியை அவர் வாயில் போட்டாள். ஆசையில் விரலையும் சேர்த்துக் கடித்துவிட்டார். அவள் போட்ட சத்தத்தில் படித்துறையே திரும்பிப் பார்த்தது. அதை நினைத்தால் இன்றும் அவருக்கு வாயில் எச்சில் ஊறும். பாதி பாசம், பாதி வெல்லம்.

வழியும் கைவசம் இருந்தது. போன வருஷம் மாத்திரை போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டுவிட்டார். சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. மங்களாம்பிகை அழுதுகொண்டே சர்க்கரையைக் கரைத்து ஊட்டினாள். மனுஷன் கண்ட சொர்க்கம் அது.

இட்லி சாப்பிட்டதும் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கூடத்தில் சாய்ந்தார்.

"மங்களம்... மறந்து ரெண்டு தடவை போட்டுட்டேன். கை நடுங்குது. இனிப்பா ஏதாச்சும்... அந்தக் காப்பரிசி இருந்தாக்கூடப் போதும்."

ஓடி வந்தவள் முகம் வெளுத்திருந்தது. அவருக்கே பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வாயைத் தயாராகத் திறந்து வைத்துக்கொண்டார்.

"விரலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"குத்திப் பாத்துட்டுத்தான் எதுவும் குடுப்பேன்."

குத்தினாள். இருநூறைத் தாண்டியிருந்தது. உடனே டாக்டர் ஃபஹ்மிதாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

"இப்ப ஏறியிருந்தாலும் போகப்போக இறங்கிடும்மா. அட்டையோட உடனே கூட்டிட்டு வாங்க. படுக்க வச்சு மணிக்கொரு தரம் குத்திப் பாத்துடலாம்."

மணிக்கொரு தரமா! பக்கிரி துள்ளி எழுந்தார்.

"நான் போடவே இல்ல மங்களம்!"

"பயத்துல உளறாதீங்க. ஆட்டோவைக் கூப்பிடுறேன்."

"சாமி சத்தியமாப் போடல! இதோ பாரு, ரெண்டும் பையிலதான் இருக்கு!"

அவள் மாத்திரைகளை வாங்கிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"உசுரே போயிடுச்சு எனக்கு. ஒரு வாய் ஊட்டுடின்னு கேட்டா ஊட்ட மாட்டேனா?"

பக்கிரி உருகிப்போனார். எத்தனை வருஷமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு!

"இப்பக் கேக்குறேன் மங்களம்."

"கண்ணை மூடிக்கிட்டு வாயைத் தொறங்க."

மூடினார். படித்துறை தெரிந்தது. மஞ்சள் பூசிய கை தெரிந்தது. இந்தத் தடவை விரலைக் கடிக்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். நாக்கில் விழுந்தது கசந்தது. பின்னாலேயே தண்ணீர்ச் செம்பு வந்தது. முழுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மங்களாம்பிகை இன்னும் வைக்காத போனை எடுத்தாள்.

"இன்னிக்கு உள்ள மாத்திரை உள்ளே போயாச்சு டாக்டர். ஒண்ணே ஒண்ணுதான். ஆசைப்பட்டாரு, என் கையாலேயே ஊட்டிட்டேன்."