கம்பளிச் செருப்புக்குக் கால் கொடுத்தவர்

இனிமேல் என் கால் எனக்கே சொந்தம் என்று வரைபடக்காரர் சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே தீர்மானம் செய்தார். வாயெல்லாம் நுரை. அதனால் தீர்மானத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. நல்லதாய்ப் போயிற்று. மனைவி பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

ஆபீஸில் அவர் ஊரையே அளந்து காகிதத்தில் அடக்குகிறவர். அவர் கிழித்த கோட்டைத் தாண்டி ஒருவரும் சுவர் எழுப்ப முடியாது. வீட்டில் கோடு கிழிப்பது அவள். அந்தக் கோட்டை அவரும் இதுவரை தாண்டியதில்லை.

அவள் கம்பளிச் செருப்பு செய்கிறவள். போன குளிர்காலத்தில் பொழுது போகவில்லை என்று ஆரம்பித்தாள். இந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுக் குளியலறையில் குளிக்க இடமில்லை. வாளியில் கம்பளி, தொட்டியில் கம்பளி, துண்டு மாட்டும் கொடியில் ஜோடி ஜோடியாக யாருடைய பாதங்களோ தொங்கும்.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. கால் அளவை அட்டையில் வரைந்து, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு, படகு மாதிரி பெரிதாக வெட்டிக்கொள்ள வேண்டும். அதன் மேல் கம்பளிப் பஞ்சைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, சுடச்சுடச் சோப்புத் தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு ஒன்றோடொன்று பின்னி இறுகும். அப்புறம் அட்டையை உருவிவிட்டு, சுருட்டி, உருட்டி, தொட்டியில் ஓங்கி ஓங்கி அறைந்தால் படகு சுருங்கிக் காலளவுக்கு வந்துவிடும். கணவர்களும் இதே முறையில்தான் அளவுக்கு வருகிறார்கள். சோப்பு மட்டும் தேவையில்லை.

கடைசிக் கட்டத்தில்தான் வில்லங்கம். ஈரச் செருப்பைக் காலில் மாட்டி, குதிகாலைப் பிடித்துவிட்டு, விரல் நுனியை அமுக்கி, உருவம் கொண்டுவர வேண்டும். செருப்புக் கடைக்காரர்கள் இதற்கென்று மரக்கட்டை வைத்திருப்பார்கள். அவள் கணவரை வைத்திருந்தாள்.

அவர் கெட்ட நேரம், ஊரில் பாதி ஆண்களுக்கு அவர் கால் அளவுதான். இந்தக் கால்பிடி வைபவம் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கும். மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் சீட்டுக்கச்சேரி நடப்பதும் அதே மதியம்தான். மருந்துக்கடைக்காரர், தையல்காரர், ரிட்டையரான ஸ்டேஷன் மாஸ்டர், நாலாவதாக இவர். திங்கள் முதல் சனி வரை மனிதர் மூச்சு விடுவதே அந்த மதியத்தை நம்பித்தான். ஆனால் ஊறிச் சுருங்கிய பாதத்தோடு அவர் படியேறிப் போய்ச் சேரும்போது, பாதிக் கச்சேரி முடிந்திருக்கும். உள்ளே நுழைந்ததும் தையல்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆடு ஒண்ணு மாடி ஏறி வருதா?" என்று வேறு கேட்பார்.

மனைவியிடம் நேராகப் போய், 'முடியாது' என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம்.

சனிக்கிழமை மதியம் அவள் யாருக்கோ செருப்பு கொடுக்கப் போன நேரத்தில், வரைபடக்காரர் அவளுடைய மேஜையைத் திறந்தார். 'பல் டாக்டர்' என்று எழுதிய அட்டை மேலாக இருந்தது. ஆபீஸில் வளைவுக் கோடு வரைகிற தன் வளைகோலை அதன் மேல் வைத்தார். பிளேடை எடுத்தார். சுற்றிலும் ஒரு விரல் அகலம் அளந்து அரிந்தார். கணக்கு எளிது. அட்டை சின்னதானால் செருப்பு சின்னதாகும். சின்னச் செருப்பு அவர் காலில் நுழையாது. நுழையாத செருப்புக்கு யாராவது காலைக் கேட்பார்களா?

அரிந்த துணுக்குகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூன்றாம் வீட்டுக் குப்பைத்தொட்டி வரை நடந்துபோய்க் கொட்டிவிட்டு வந்தார். அன்று இரவு அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை அவள் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் ஈரக் கையோடு வந்தாள்.

"ஏங்க, காலை நீட்டுங்க."

மாப்பிள்ளை மாதிரி நீட்டினார். பால்வெள்ளைச் செருப்பு பாதி பாதத்தோடு நின்றுவிட்டது.

"அடடா, நுழைய மாட்டேங்குதேம்மா!" என்றார். துக்கம் விசாரிக்கிற குரல். கண்ணில் மட்டும் தீபாராதனை.

"ஆமா, சின்னதாப் போச்சு."

"கம்பளியை நம்பவே கூடாது. போகட்டும் விடு, அடுத்த வாரம் வேற செஞ்சுக்கலாம். நான் அப்படியே கிளம்ப…"

"உக்காருங்க. டாக்டர் நாளைக்குக் காலைல வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"என் கால்லயே நுழையலையே?"

"ஈரமா இருக்கறப்போ இழுத்தா நீளும். சரியான அளவா இருந்தா ஒரு மணி நேரத்துல உங்களை விட்டிருப்பேன். சின்னதாயிட்டா வேற வழியில்லீங்க. காயற வரைக்கும் கால்லயே கிடக்கணும்."

வரைபடக்காரருக்குத் தன் திட்டத்தின் மேல் யாரோ சோப்புத் தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. அவள் நிஜமாகவே காலில் ஊற்றினாள். கரண்டிக் காம்பைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி, ஒரு தம் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, என் கட்டைவிரல்!"

"உள்ளதான் இருக்கு. எங்கயும் போகலை. அடுத்த காலைக் கொடுங்க."

இரண்டு கால்களும் உள்ளே போயின. பத்து விரல்களும் கடைசி பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டன.

"இனிமே நடங்க," என்றாள்.

"எங்கே?"

"வீட்டுக்குள்ளதான். தெருவுல இறங்கினா வெள்ளைக் கம்பளி சேறாயிடாது? சும்மா நடந்தா உங்களுக்கே போரடிக்கும். இந்தாங்க, துடைப்பம். பெருக்கினா விரல் பக்கம் விரியும்."

"குதிகால்?"

"அதுக்கு மாடிப்படி இருக்கே. ஒவ்வொரு படியாத் துடைச்சுக்கிட்டே இறங்குங்க."

"நடுப்பாதம்?" என்று கேட்ட பிறகுதான், ஏன் கேட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, ஞாபகப்படுத்தினீங்க. பரண்ல இருக்கற பாத்திரத்தையெல்லாம் எக்கி இறக்கிடுங்க. நடுப்பாதம் தன்னால இளகிடும்."

அவர் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே மருந்துக்கடைக்காரரின் வழுக்கை தெரிந்தது.

"என்ன சார், அங்கே சீட்டைக் கலைச்சு வெச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கோம். நீங்க இங்க பெருக்கிக்கிட்டிருக்கீங்க?"

"பெருக்கலை சார். விரிவாக்கப் பணி."

"கால்ல என்ன, கட்டா? நம்ம கடையில நல்ல தைலம் இருக்கு."

"வேணாம் சார். நான் எப்படியும்…"

"மூணு பேரை வெச்சுக்கிட்டு என்னத்தை ஆடறது? ஸ்டேஷன் மாஸ்டர் இப்பவே கொட்டாவி விட ஆரம்பிச்சுட்டார்."

வரைபடக்காரருக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "அண்ணே, நீங்க போங்க. நாலாவது ஆளை அனுப்பி வெக்கறது என் பொறுப்பு."

வரைபடக்காரரின் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் அவளுக்கும் ஒரு மனசு இருக்கிறது! சீக்கிரம் விரித்துவிட்டால் சீக்கிரம் விடுதலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியைத் துடைத்தார். சொல்லாமலே கைப்பிடியையும் துடைத்தார். பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கி, கழுவி, நடுப்பாதத்தின் நலன் கருதி மறுபடியும் ஏற்றினார்.

அதற்குள் அவள் தலைவாரி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கொஞ்சம் வெளியே போயிட்டு வந்துடறேன். காயாமக் கழட்டினீங்கன்னா சுருங்கிடும். அப்புறம் டாக்டர் அதைப் பொம்மைக்குத்தான் போடணும்."

"நீ வந்ததும் நான் கிளம்பலாம், இல்லையா?"

"தாராளமா."

அவள் வரவில்லை. அவர் மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் படுத்து, இரண்டு கால்களையும் தூக்கிக் காட்டிக்கொண்டு கிடந்தார். செருப்பு காய்ந்தது. வெயிலும் போயிற்று. கழற்றிப் பார்த்தார். குதிகால் வளைவும் விரல் நுனியும் வார்த்து எடுத்தது போல் இருந்தன. அவருடைய கால்கள்தான் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று வெளுத்திருந்தன.

விளக்கு போடுகிற நேரத்துக்கு அவள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அட, அம்சமா வந்திருக்கே! டாக்டருக்குக் கச்சிதமா இருக்கும்."

"இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தே?"

"உங்க கச்சேரிக்குத்தான். நாலாவது ஆளை அனுப்பறேன்னு வாக்கு கொடுத்தேனே. வேற யார் இருக்கா அனுப்ப?"

"உனக்கு ரம்மி ஆடத் தெரியுமா?"

"கான்வென்ட் ஹாஸ்டல்ல வளர்ந்தவ நான். சிஸ்டர் ஒரு ரவுண்டு வந்துட்டுத் திரும்பறதுக்குள்ள ஒரு ஆட்டத்தை முடிச்சுட்டு, ஜெபமாலையைக் கையில எடுத்தாகணும். அந்த வேகம் இன்னும் போகலைங்க."

"அது என் இடம்!" என்றார்.

"உங்க இடம்தான். நீங்கதானே எனக்கு விட்டுக் கொடுத்தீங்க? நான் அட்டை வெட்டினா ஓரமெல்லாம் எலி கரண்டின மாதிரி இருக்கும். காலைல எடுத்துப் பாத்தா, ஒரு பிசிறு இல்லை. இந்த வீட்டுல அவ்வளவு நேர்த்தியா வெட்டறவர் யாருன்னு யோசிச்சேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கலை."

"தெரிஞ்சும் ஏன் அதையே வெச்சுச் செஞ்சே? வேற அட்டை வெட்டியிருக்கலாமே!"

"வெட்டியிருந்தா ஒரு மணி நேரத்துல நீங்க கிளம்பியிருப்பீங்களே."

அப்போது, அவளைக் கொண்டுவிட வாசல் வரை வந்திருந்த மருந்துக்கடைக்காரரின் குரல் தெருவிலிருந்து வந்தது.

"சார்! அடுத்த ஞாயிறும் அட்டையைக் கொஞ்சம் சின்னதாவே வெட்டி வெச்சிடுங்க!"