மூச்சு வகுப்பில் மைக்செட் அண்ணன்

மதுரையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாத மனிதர்களில் முதல் இடம் மைக்செட் அண்ணனுக்குத்தான். இரண்டாம் இடம் எனக்கு. அதனால் அவரைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்து, கதிர்வீச்சுச் சிகிச்சை, அதாவது கரண்ட் வைக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கையில் ஆரஞ்சுப் பழமும் வாயில் அறிவுரையுமாக வந்தார்கள். பழத்தை அவரால் விழுங்க முடியவில்லை, அறிவுரையை என்னால் முடியவில்லை. "மனசை அமைதியா வச்சுக்க" என்று யாராவது சொன்னால் போதும், எனக்குக் கை துறுதுறுக்கும். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். பூட்டிய கதவை நாலு தடவை இழுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நடந்த நடைக்கு அழகர்கோவிலுக்கே போய்த் திரும்பியிருக்கலாம். கடைசியில் ஒரு நர்ஸ் பெண், என் வீட்டுக்காரரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "அக்கா, கேன்சர் வந்தவங்களைப் பாத்துக்கிறவங்களுக்குன்னே ஆன்லைன்ல ஒரு வகுப்பு நடக்குது. காசு கிடையாது. மொதல்ல நீங்க அதுல சேருங்க" என்றாள்.

தினமும் சாயங்காலம் வகுப்பு. நடத்தியவர் கோயம்புத்தூரில் இருந்த ஒரு மேடம். மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்பதால் எங்களுக்கு அவர் மூச்சு மேடம். அவர் பேசும் வேகத்துக்கு என் போனில் சார்ஜ்கூட மெதுவாகத்தான் இறங்கியது. திரையில் கட்டம் கட்டமாக நாங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஜவுளிக்கடை பாய். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் திருவாதவூர் விவசாயி; அவருக்கு வயல் வரப்பில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். இன்னொரு கட்டத்தில் ஆளே இல்லை. அடுக்கி வைத்த குழாய் ஸ்பீக்கர்கள் மட்டும் தெரிந்தன. முதல் நாள் மேடம், "மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள்" என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, அந்தக் கட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட். மேடம், நம்ம வாய்ஸ் கிளியரா இருக்கா? உங்க வாய்ஸ்ல ட்ரெபிள் ஜாஸ்தியா இருக்கு, கீச்சுன்னு கேக்குது. கொஞ்சம் பேஸ் ஏத்துங்க, இன்னும் அமைதி வரும்."

பழங்காநத்தத்தில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு வீடு எதுவானாலும் அண்ணன்தான். மைக்கை மியூட்டில் போடச் சொன்னால் அவருக்கு ரோஷம் வந்துவிடும். "முப்பது வருசமா அடுத்தவங்க சத்தத்தைக் கூட்டித்தான் சோறு திங்கிறேன். என்னையவே அமுக்கச் சொல்றீங்களே மேடம்" என்பார். மேடம் அதையும் மூச்சோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார்.

ஒரு நாள் உலர் திராட்சைப் பயிற்சி. ஒரே ஒரு திராட்சையை நாக்கில் வைத்து, மெல்லாமல், அதன் சுவையை மட்டும் கவனிக்க வேண்டும். அண்ணன் வீட்டில் திராட்சை இல்லை. "காராபூந்தி இருக்கு, பரவால்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வாயில் போட்டார். அன்று நாங்கள் எல்லோரும் கவனித்தது காராபூந்தியைத்தான். கடைசியில் பாக்கெட்டைக் கசக்கி எறியும் சத்தமும் கேட்டது.

இன்னொரு நாள், கண்ணை மூடிச் சுற்றியுள்ள ஒலிகளைக் கவனிக்கச் சொன்னார் மேடம். அண்ணனுக்குக் கொண்டாட்டம். "பாய், உங்க வீட்டுல பைப் ஒழுகுது. வாதவூராரே, உங்களுக்குப் பின்னாடி ஆடு எதையோ மேயுது, பாத்துக்கங்க." விவசாயி திரும்பிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, நாத்து!" என்று அலறிக்கொண்டு ஓடினார். அடுத்து என் முறை. "தங்கச்சி, உள்ளே மாப்ள கூப்பிடுறாரு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் வைத்ததில் என் வீட்டுக்காரரின் குரல் காற்றாகிப் போயிருந்தது. எதற்கும் போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே தண்ணீருக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும், "எவன்டி அது, என்னை மாப்ளங்கிறவன்?" என்றார். பல நாள் கழித்து அவர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். அதன் பிறகு நான் வகுப்பில் உட்காரும்போது அவர் படுத்திருந்த அறைக்கு அண்ணன்தான் காவல்.

இத்தனை சத்தம் போடுகிறவரிடம், வெளியே விட முடியாத ஒரு விஷயம் இருந்தது. தன் மனைவிக்கு வந்திருப்பது புற்றுநோய் என்பதை அந்த அக்காவிடம் அவர் சொல்லவே இல்லை. அக்காவுக்குச் சொந்த ஊர் எழுமலை. சொந்தத்தில் யாரோ இதே நோயில் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு இப்படி வந்தா ஒரு ஊசியும் போடாதீக. எங்கூர்ல கொண்டுபோய் விட்டுருங்க" என்று எப்போதோ சொல்லியிருந்தாராம். தெரிந்தால் ஊசியை நிறுத்திவிட்டுப் போய்விடுவார் என்ற பயத்தில் அண்ணன், வந்த நோயைக் கொழுப்புக் கட்டி ஆக்கினார், கீமோவைச் சத்து ஊசி ஆக்கினார். ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று எழுதிய போர்டு வந்தால், அதன் முன்னால் கையை விரித்து நின்றுகொண்டு உரக்கக் கதை பேசுவாராம். அக்காவுக்கு முடி கொட்டியபோது பழங்காநத்தத்துத் தண்ணீர்மேல் பழியைப் போட்டுத் தானும் மொட்டை அடித்துக்கொண்டார். அதை நம்பித் தெருவில் நாலு வீட்டில் புது ஃபில்டர் மாட்டினார்கள்.

எங்கள் வகுப்புக்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. ஸ்பீக்கர் கம்பெனி நடத்தும் டிரெயினிங் என்று சொல்லி வைத்திருந்தார். ஒரு தடவை அக்காவின் குரல் வெளியிலிருந்து கேட்டது: "ஸ்பீக்கருக்கு எதுக்குங்க மூச்சு விடச் சொல்லித் தாராக?"

"லோடு ஏத்த இறக்கத் தம் வேணும்ல!" என்று இவர் கத்தினார்.

"அண்ணே, சொல்லிருங்க. என்னைக்கு இருந்தாலும் தெரியத்தான் போகுது" என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "அவ போயிட்டான்னா நான் என்ன செய்வேன் தங்கச்சி?" என்பார். 

பங்குனியில் அவர் தெருவில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. கடைக்குள் ஆம்ப்ளிஃபயர், தெரு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய். அண்ணனின் போனிலிருந்துதான் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். வகுப்பு நேரம் வந்ததும் பாட்டை நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஷட்டரை இறக்கி, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன் ஒயர், ஆம்ப்ளிஃபயருக்குச் சத்தம் அனுப்பும் மிக்ஸரிலேயே சொருகி இருந்தது. கையில் மேடை மைக். எங்கள் எல்லோர் குரலும் தகர டப்பாவில் கேட்கிறதாம், தன் குரலாவது தரமாக இருக்கட்டுமாம். பிரச்சினை என்னவென்றால், கடையில் ஆம்ப்ளிஃபயர் இரண்டு. கோயில் வாசல் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒன்று, தெருக் குழாய்களுக்கு ஒன்று. அண்ணன் அணைத்தது கோயில் வாசலை.

"மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்" என்று பழங்காநத்தம் வானத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. முளைப்பாரி தூக்கி வந்த பெண்கள் அப்படியே நின்று, இழுத்தார்களாம். "இப்போது வெளியே விடுங்கள்" என்றதும் விட்டார்களாம். அடுத்து, மனதில் கனமாக இருப்பதை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார் மேடம். நான் முந்திக்கொண்டு, "அமைதியா இருன்னு சொல்ல வர்றவங்களை எல்லாம் விளக்குமாத்தாலயே அடிக்கணும் போல இருக்கு மேடம்" என்றேன். அதற்குத் தெருவில் கைதட்டல் விழுந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

பிறகு அண்ணன் பேசினார். அன்று குரலைத் தணித்தே பேசினார், பாவம். "எம் பொண்டாட்டிக்குக் கேன்சருங்க மேடம். அவகிட்ட இன்னும் சொல்லல. நெதம் ஒரு பொய் சொல்றேன். அவ எம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறப்போ எந்திரிச்சுக் கடைக்கு ஓடியாந்துர்றேன். அவ இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாது மேடம்." ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்கு இரண்டு முறை கேட்டது. நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவருக்குப் பின்னால் ஷட்டர் சரசரவென்று ஏறியது. தலையில் சுற்றிய துண்டோடு அக்கா நின்றார்.

"அந்தக் குழாயை நிப்பாட்டுங்க மொதல்ல" என்றார். அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். தான் விட்ட மூச்சே தெருவில் திரும்பிக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்.

"ஊருக்கு மைக் போட்டுச் சொல்லுதீக. முகம் தெரியாதவுகளுக்கெல்லாம் சொல்லுதீக. எனக்குச் சொல்ல மட்டும் வாய் வரலையோ?"

அன்றே எழுமலைக்குப் பஸ் ஏறிவிட்டார். அடுத்த ஊசிக்கு ஒரு வாரம்கூட இல்லை. எங்களுக்கு யாருக்கும் மூச்சு ஓடவில்லை. பாய் கடையில் துணியை அளக்காமலே கிழித்தார். நான் துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். வகுப்பில் அண்ணன், "எழுமலைக்குப் போறேன். மச்சினன் வீட்டுக்கு எதுத்தாப்புல ரெண்டு குழாயக் கட்டி, ஊரறிய மன்னிப்புக் கேக்கப் போறேன்" என்றார். "வேண்டாம்!" என்று ஒரு அலறல் கேட்டது. யாரென்று பார்த்தால், மூச்சு மேடம்.

"அண்ணே, அந்த ஊர் எல்லைக்குள்ள ஒரு ஒயர் போகக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன் நான். மேடம் சுதாரித்துக்கொண்டு, "போய் உட்காருங்கள். எதுவும் பேசாதீர்கள். அவர்களாகப் பேசும்வரை பொறுங்கள்" என்றார். "எம்புட்டு நேரம் மேடம்?" என்று பரிதாபமாகக் கேட்டார் அண்ணன்.

போய் உட்கார்ந்தார். மச்சினன் வீட்டு வாசல் கட்டிலில், வாயைத் திறக்காமல். காப்பி கொடுத்தார்கள், குடித்தார். உள்ளே டிவி ஸ்பீக்கர் கரகரத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஊர்க் கோயிலில் எவனோ மைக்கைக் கீச்சென்று அலற விட்டான். கட்டில் கயிற்றைப் பிடித்துத் தாங்கிக்கொண்டார். அன்று போய் மறுநாளும் ஆனது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துப் போனார். கடைசியில் பொறுக்க முடியாமல் ஓடி வந்து அவர் நெற்றியில் கையை வைத்தார்.

"என்ன செய்யுது உங்களுக்கு? நெஞ்சு வலிக்குதா? தம்பி, ஆட்டோவக் கூப்பிடுப்பா. இந்த மனுசன் பேச மாட்டேங்குறாரு!"

அக்காவாகப் பேசியாயிற்று. அண்ணன் வாயைத் திறந்தார். "நாளைக்கு ஊசி."

"என்ன ஊசி?"

"கேன்சர் ஊசி." சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாராம். அக்கா தலைத் துண்டை அவிழ்த்து அவர் முகத்தைத் துடைத்திருக்கிறார். "இப்ப எங்கிட்டச் சொன்னீகள்ல, வாரேன். நான் ஒண்ணும் சாகுறதுக்கு இங்க வரல. உங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமத்தான் வந்தேன்."

ஊசிக்குக் குறித்த நாளில் ஊசி போட்டார்கள். அடுத்த வகுப்பில் அண்ணனின் கட்டத்தில் இரண்டு மொட்டைத் தலைகள் தெரிந்தன. மேடம் தயங்கித் தயங்கி, "அம்மா, தவறாக நினைக்க வேண்டாம். நோயாளிகளுக்கு வேறு வகுப்பு இருக்கிறது. இது அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும்" என்றார்.

அக்கா நகரவில்லை. "அதான் வந்திருக்கேன். இவரைப் பாத்துக்கிறது யாருன்னு நினைச்சீக?" என்றார்.

 மேடம், "சரி, இருவரும் மூச்சை இழுங்கள்" என்றார்.

என் வீட்டுக்காரருக்குச் சிகிச்சை முடிந்து, குரலும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. அக்காவுக்கு இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அவருக்கு ஸ்கேன். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை நீட்டினேன். யார் பெயருக்கு என்று ஐயர் கேட்டபோதுதான், இத்தனை மாதத்தில் அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது உறைத்தது. நட்சத்திரம் கேட்டார், அதுவும் தெரியாது. பின்னால் வரிசை நின்றது. "எங்க அண்ணனுக்கும் அண்ணிக்கும் சாமி" என்றேன்.