மரை சாரும் என் இஞ்ச் டேப்பும்

திருவண்ணாமலையில் மலையைக் கும்பிட்டவர்கள் உண்டு, சுற்றியவர்கள் உண்டு, பார்த்துக் கண்ணீர் விட்டவர்களும் உண்டு. மலையைப் பார்த்து, "கொஞ்சம் லெஃப்ட்ல தள்ளி நில்லுப்பா" என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் மரை சார்தான். சொல்லிவிட்டு, நகர்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்க்கவும் செய்வார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். சர்வீஸ் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியே பழகியவர். சொன்ன இடத்தில் நிற்காத எதையும் அவருக்குப் பிடிக்காது.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். அவரிடம் இருப்பதெல்லாம் பிலிம் போடுகிற பழைய கேமராக்கள். இந்தக் காலத்துக் கேமராவில் லென்ஸை வைத்து ஒரு திருப்பு திருப்பினால் உட்கார்ந்துவிடும். இவருடையதை ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி மரை பிடித்துச் சுற்றிச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும், சுற்றிச் சுற்றித்தான் இறக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாக்கியத்துக்கு ஒரு மரை வரும். தெரு பெயர் வைத்துவிட்டது. அவருக்கே மரை கழன்றுவிட்டது என்று சொல்கிற கட்சி ஒன்றும் தெருவில் இருந்தது. ரொம்ப நாள் அந்தக் கட்சிக்கு நான்தான் தலைவி.

நான் கீழ் வீட்டுக்காரி. பத்திரிகைக்கு எழுதுவது ஓய்ந்த நேரத்தில். சோறு போடுவது தையல் மெஷின். ரவிக்கையில் ஒரு நூல் விலகினாலும் என் கண்ணில் உறுத்தும். எதையும் லேசில் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன் என்று எனக்கொரு பேர் உண்டு. கட்டின மனுஷரே புதுச் சட்டை போட்டால் என் கண்ணில் படாமல் பின்பக்கமாகப் போய்விடுவார்.

மரை சாருக்கு முதல் கேமரா வந்தது ஒரு துறவினால். எல்லாவற்றையும் விட்டுவிடுவதற்கென்றே விமானம் ஏறி எங்கள் ஊருக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. அப்படி வந்த ஒருவர், தன் கேமராவையும் இரண்டு லென்ஸையும் இனி வேண்டாம் என்று இவர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பிப் போனார். அவர் விட்ட பற்றை இவர் பிடித்துக்கொண்டார். அப்புறம் ரஷ்யாவில் செய்த லென்ஸ், ஜப்பானில் செய்த லென்ஸ், கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது அங்கே செய்த கேமரா என்று மாடிக்குப் பார்சல் பார்சலாக வந்தது. பார்சல்காரர் குரல் கேட்டாலே அவர் மனைவி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

எந்த நாட்டு லென்ஸும் எந்த நாட்டு கேமராவிலும் ஏறும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். "ஒருத்தன் மேல ஒருத்தன் பீரங்கியத் திருப்பி வச்சிருந்த காலம்க்கா அது. மரைய மட்டும் எல்லாரும் ஒரே அளவுல போட்டு வச்சிருக்கானுங்க" என்பார், நம்ம வீட்டுச் சம்பந்தம் பேசி முடித்த பெருமையோடு. லென்ஸில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வளையத்தை என் காதருகே வைத்துத் திருப்புவார். டிக், டிக் என்று சன்னமாக ஒரு சத்தம் வரும். தோல் உறையை முகர்ந்து பார்க்கச் சொல்வார். ரஷ்ய லென்ஸில் எடுத்த படத்தைக் காட்டி, பின்னால் இருக்கிற இலையெல்லாம் ஆளைச் சுற்றிக் கிரிவலம் போவதைப் பாருங்கள் என்பார். உண்மையில் அப்படித்தான் இருக்கும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தீபத் திருவிழாவில் பெரிய தேரைப் படமெடுக்க ஒரு வருஷம் மாட வீதிக்குப் போனார். தேர் திரும்புகிறபோது இந்த லென்ஸ் சரிப்படாது என்று தோன்றியிருக்கிறது. கழற்ற ஆரம்பித்தார். கழற்றினார், மூடி போட்டார், அடுத்ததை எடுத்தார், மரை சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடி கழற்றினார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஐஸ் வண்டி நிற்கிறது. உலகத்திலேயே மெதுவாகப் போகிற வாகனம் எங்கள் ஊர்த் தேர். அதைக் கோட்டை விட்டவர் இவர் ஒருவர்தான்.

இன்னொரு பௌர்ணமி சாயங்காலம், அடி அண்ணாமலை பக்கம் வெளிச்சம் கம்மியாக இருந்ததால் ஜனங்கள் அசையாமல் நின்றால் தேவலை என்று நினைத்து, பழக்க தோஷத்தில் பி.டி. விசிலை எடுத்து ஊதிவிட்டார். கிரிவலம் அப்படியே நின்றது. மந்திரி யாரோ வருகிறார் என்று சிலர் ஓரம் கட்டி, எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நிஜ போலீஸ்காரர் வந்து விசிலை வாங்கி வைத்துக்கொண்டார். படம் நன்றாக வந்ததென்று இவர் ஒரு வாரம் துள்ளிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் ஊர்க் கதை. என் வீட்டுக் கதை மொட்டை மாடியில் நடந்தது. அவருடைய ஜப்பான் லென்ஸ் ஒன்றின் கண்ணாடி வயசாகி மஞ்சளடித்துப் போயிருந்தது. அதை வெயிலில் வைத்தால் மஞ்சள் இறங்கும் என்று எங்கோ படித்துவிட்டு, நான் மிளகாய் காயப்போட்ட பாய்க்குப் பக்கத்தில் ஒரு தட்டு போட்டு லென்ஸைக் காய வைத்தார். என் மிளகாயும் அவர் லென்ஸும் ஒன்றாகக் காய்ந்தன. ஒரு மத்தியானம் காக்கா தட்டிவிட்டதோ என்னவோ, லென்ஸ் சாய்ந்து வெயிலைக் கூட்டிப் பிடித்து, கொடியில் தொங்கிய என் வீட்டுக்காரர் வேட்டியின் தரை தொட்ட முனையில் பொசுக்கென்று ஓட்டை போட்டுவிட்டது. புகை வாசனை பிடித்து நான் மேலே ஓடி, வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் தீர்த்தேன். மனுஷர் வேட்டியை வாங்கி அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ ஷார்ப்பா இருக்கு பாத்தீங்களாக்கா" என்றார்.

அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருப்பேன். அவர் மனைவி புது வேட்டியோடு வந்து நின்றதால் விட்டேன்.

அப்புறம்தான் என் இஞ்ச் டேப் காணாமல் போக ஆரம்பித்தது. காலையில் மெஷின் மேல் இருக்கும், சாயங்காலம் தேடினால் இருக்காது, மறுநாள் தானாக வந்திருக்கும். ஒருநாள் தெருமுனையில் பூக்கார அம்மாவைச் சுற்றிச் சிரிப்பாக இருக்கிறதே என்று போனேன். மரை சார் என் டேப்பின் ஒரு முனையை அந்த அம்மாவின் மூக்கில் வைத்து, மறுமுனையைக் கேமராவுக்கு இழுத்து, லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர்கள், எங்கள் மூக்குக்கும் அளவெடுத்து ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம். டேப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கேமராவோடு கீழே வந்தார். மாடிக்கு வந்து ஒரு நிமிஷம் இதற்குள் பார்க்க முடியுமா என்று கேட்டார். அந்தக் குரலில் பி.டி. மாஸ்டரே இல்லை. அதனால் போனேன்.

அத்தனை வருஷத்தில் அன்றுதான் அதற்குள் முதன்முதலாகப் பார்க்கிறேன். முதலில் எல்லாம் கலங்கல். அவர் சொன்னபடி வளையத்தை மெல்லத் திருப்பினேன். எண்ணெயில் ஓடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கலங்கல் சேர்ந்து சேர்ந்து மலையானது. பாறை இடுக்கு தெரிந்தது, காய்ந்த புல் தெரிந்தது, சரிவில் மேய்கிற ஆடு தெரிந்தது. தினம் துணி காயப்போடும்போது பார்க்கிற மலைதான். திருப்பித் திருப்பிக் கலைத்தேன், சேர்த்தேன். என் கையால் அது தெளிகிறது என்பதே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதற்காகவா இந்த மனுஷர் இத்தனை பேச்சு வாங்கினார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தெளிவா இருக்காக்கா?" என்றார். இருக்கிறது, ஏன், உங்களுக்குத் தெரியவில்லையா என்றேன்.

"வலது கண்ணுல நடுவுல ஒரு கருப்புக்கா. சுத்தி இருக்கிறது எல்லாம் தெரியுது. எதைப் பாக்கணும்னு பாக்கறனோ, அதை மட்டும் மறைச்சுடுது."

சர்க்கரை கண்ணில் இறங்கியிருந்தது. இடது கண்ணும் மங்க ஆரம்பித்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால்தான் டேப். லென்ஸ் மேலேயே தூரம் பொறித்திருக்கிறதல்லவா, ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே அளந்து அந்த எண்ணில் வைத்துவிட்டால் கண்ணே வேண்டாம் என்பது அவர் கணக்கு. டேப்பை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே வந்து, அன்றைக்கு மெஷினில் உட்கார மனசில்லாமல் இருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் பெங்களூரில் இருக்கிற அவர் மகன், தானாகவே எல்லாம் பார்த்துக்கொள்கிற கேமரா வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறான். அதுவே பார்த்துக்கொள்ளும் என்றால் நான் எதற்கு என்று இவர் கேட்டிருக்கிறார். கடைசியில் தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். யார் உதவியும் இல்லாமல் டேப்பால் அளந்து ஒரு ரோல் எடுப்பது. ஆட்கள் தெளிவாக வந்தால் சரி, வராவிட்டால் கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் விற்றுவிடுவது. வாங்கிக்கொள்ள பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும் பேச்சு முடிந்துவிட்டது.

ரோல் சென்னைக்குக் கூரியரில் போய், கழுவி, படங்கள் அவர் போனுக்கு வந்தன. மனைவி பார்த்துவிட்டு எல்லாம் அருமை என்றார். ஸ்கூலில் எல்லோரும் சூப்பர் சார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை எடுத்துக்கொண்டு என் மெஷினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா. உங்களுக்குத்தான் எதுவுமே பிடிக்காது."

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பூக்கார அம்மா, ஆட்டோக்காரர், அவர் மனைவி, என் வீட்டுக்காரர். எல்லோரும் கலங்கல். நடுவே மூன்று நாலு மலைப் படம், கல் கல்லாகத் தெரிகிறது. நல்லா இருக்கு சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷர் எழுந்து சந்தோஷமாகப் போய்விடுவார். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எத்தனை பேர் சொன்ன பிறகும் அவர் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறாரே.

"மலை தெளிவா இருக்கு சார். மனுஷங்க யாரும் தெளிவா இல்ல."

"மலைக்கு என் கண்ணு வேணாம்க்கா. வளையத்தக் கடைசி வரைக்கும் திருப்பிட்டா அது வந்துடும்" என்றார். பாண்டிச்சேரிக்காரருக்கு மேலே உட்கார நாற்காலி போட வேண்டும் என்று எழுந்தார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுபடி பார்த்தேன். பூக்கார அம்மா கலங்கல், பின்னால் இருக்கிற சுவரொட்டியில் எழுத்துக்கூடப் படிக்க முடிகிறது. என் வீட்டுக்காரர் கலங்கல், பின்னால் கேட்டில் பூட்டு தெளிவு. ஒவ்வொன்றிலும் அதேதான். கை தவறினால் ஒன்று பிடிக்கும், ஒன்று தொளதொளக்கும். தைத்த ரவிக்கை எல்லாமே ஒரே இடத்தில் தொளதொளத்தால் அளவில்தான் கோளாறு. இது தையற்காரிக்குத் தெரியாதா? அவரை உட்கார வைத்து, கேமராவைக் கொண்டுவரச் சொல்லி, ஐந்தடியில் இருக்கிற ஆளுக்கு எப்படி வைப்பீர்கள், வைத்துக் காட்டுங்கள் என்றேன். வைத்தார். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வளையத்தில் இரண்டு வரிசை எண்கள். ஆரஞ்சில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. அவர் ஐந்து வைத்திருந்தது வெள்ளையில்.

"சார், இது மீட்டர். அடி, ஆரஞ்சுல இருக்கு."

கண் நன்றாக இருந்த காலத்தில் அந்த எண்களை அவர் பார்த்ததே இல்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கண் மங்கிய பிறகு ஆரஞ்சு வரிசை அவருக்கு அழிந்தே போயிருக்கிறது. வெள்ளை ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. என் டேப்பில் அடிக்கணக்கில் அளந்து, மீட்டரில் வைத்து, ஊரில் உள்ளவர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருந்த சுவரையெல்லாம் படமெடுத்திருக்கிறார். சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. பாண்டிச்சேரிக்காரருக்கு நானே போன் செய்து, விழுப்புரம் தாண்டியிருந்தவரை இறங்கித் திரும்பிப் போகச் சொன்னேன். அவர் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ரோலில் பூக்கார அம்மாவின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிந்தது. அந்த அம்மா அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

ஊசி போட்டும் கண் மங்குவது நின்றபாடில்லை. இந்த வருஷம் வெள்ளை வரிசையும் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. இப்போது சாயங்காலம் மாடியில், கேமராவை அவர் பிடித்துக்கொள்ள, அதில் நான் கண்ணை வைத்து வளையத்தைத் திருப்புகிறேன். தெளிவா இருக்காக்கா என்று கேட்பார். இன்னும் இல்லை சார் என்றால் காத்திருப்பார். இருக்கு சார் என்றால், மறுபேச்சில்லாமல் அழுத்திவிடுவார். என் வீட்டுக்காரர்கூட என் வார்த்தையை இப்படி நம்பியதில்லை. அதனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன்னால், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.