இயக்குநர் அனுப்பிய தைலம்

அந்த அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் ஒரே பொது முகவரிக்கு வந்து, அங்கிருந்து நாற்பது ஊழியர்களின் சொந்தப் பெட்டிகளுக்கும் தானாகப் பிரிந்து போகும். இந்த மாபெரும் ஏற்பாட்டைப் பேணிக் காக்கும் பொறுப்பு தற்காலிக எழுத்தர் ஒருத்தியின் தலையில் இருந்தது. ஆறு வருடமாகத் தற்காலிகம். தலைமையகத்தில் இருக்கும் இயக்குநரிடமிருந்து பணி நிரந்தர ஆணை மின்னஞ்சலில் வர வேண்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை இயக்குநர் பெயரில் அஞ்சல் வந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.

"வழுக்கையா? கவலை வேண்டாம்! ஏழே நாளில் முடி வளர்க்கும் தைலம்!"

நாற்பது பேருக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. அவள் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், இது போலி. யாரோ டைரக்டர் பேரைப் போட்டு அனுப்பியிருக்காங்க."

"நம்ம ஆபீஸ் முகவரி வழியாத்தானே வந்திருக்கு?"

"அது எது வந்தாலும் அப்படியே தள்ளிவிடும் சார். யார் அனுப்பினாங்கன்னு பார்க்காது."

"நாம மட்டும் என்னம்மா பார்க்கறோம்? சரி, முறைப்படி விசாரிப்போம். அனுப்பினவர்கிட்டயே கேளு."

"போலிக்காரன்கிட்டயா சார்?"

"சம்பந்தப்பட்டவரைக் கேக்காம முடிவெடுக்கலாமா? இந்த முகவரிக்கும் டைரக்டரோட பழைய முகவரிக்கும், ரெண்டுக்கும் போடு."

'தாங்கள் உண்மையான இயக்குநர்தானா என்பதை உடன் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று இரண்டுக்கும் எழுதினாள். தைலக்காரரிடமிருந்து பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: "ஆம், நானேதான். எத்தனை பாட்டில் வேண்டும்?" அசல் இயக்குநர், பதினோரு வருடமாக எந்தக் கடிதத்துக்கும் செய்ததையே இதற்கும் செய்தார். பதிலே இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால், "மெயில்ல எழுதிக் குடுங்க" என்றார் அவருடைய உதவியாளர்.

மௌனம் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று கண்காணிப்பாளர் தலைமையில் மூவர் குழு கூடித் தீர்மானித்தது. அசல் முகவரி போலி என அறிவிக்கப்பட்டு, அதிலிருந்து வருவதெல்லாம் நேரே குப்பைப் பெட்டிக்குப் போக ஏற்பாடானது. தைலக்காரருக்கு அங்கீகார ஆணையும் கோப்பு எண்ணும் அனுப்பப்பட்டன. ஊழியர் அனைவரும் வாழ்த்துத் தெரிவித்தார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி குப்பைப் பெட்டியைக் காலி செய்யும்போது அவள் கை நின்றது. பணி நிரந்தர ஆணை! அசல் இயக்குநர், அசல் கையெழுத்து. குதித்துக்கொண்டு போனாள்.

கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டினார். "தைலத்தப் பத்தி ஒரு வரியாவது இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப போலிதான்."

"சார், இது என் வாழ்க்கை சார்!"

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா. அழிச்சிடு."

விதிப்படி அவளே அழித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கும் மனசு கேட்கவில்லை. "அழாதம்மா. நம்ம அங்கீகரிச்ச டைரக்டருக்கு மனு போடு. பத்து நிமிஷத்துல பதில் போடற மனுஷன்."

மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தைலக்காரருக்கு மனு எழுதினாள். பத்து நிமிடம் போயிற்று. ஒரு மணி நேரம் போயிற்று. மறுநாளும் போயிற்று. மூன்று நினைவூட்டல் அனுப்பினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

மாதக் கடைசியில், பையை எடுத்துக்கொண்டு விடைபெறப் போனாள். கண்காணிப்பாளர் வழுக்கையில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"பதிலே போடலையா? நான்தான் அன்னைக்கே சொன்னேனே! இனிமே சந்தேகமே இல்லம்மா. இவர்தான் டைரக்டர்."